டெர்மினலிலிருந்து படம் காப்பி: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025

கையேட்டுக்கு இன்று மட்டும் 36 ஸ்கிரீன்ஷாட். ஒவ்வொன்றையும் சேமித்து, ஃபோல்டரைத் தேடிப்போய் ஆவணத்தில் சேர்ப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரே கட்டளையில் படம் கிளிப்போர்டுக்கு, அதாவது காப்பி செய்தது ஒட்டும்வரை தங்கும் இடத்துக்கு, போய்விட்டால் கன்ட்ரோல்-வி அழுத்தினால் போதும். வீட்டில் லினக்ஸ், அலுவலகத்தில் மேக், தங்கையிடம் விண்டோஸ். மூன்றுக்கும் பொதுவாக ‘படநகல்’ என்றொரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதப்போகிறேன்.

முதலில் லினக்ஸ். கிளிப்போர்டில் வைக்க உதவும் எக்ஸ்கிளிப் என்ற கட்டளையிடம் கோப்பை அப்படியே கொடுத்தேன்; ஒன்றும் ஒட்டவில்லை. எங்கே வைப்பது என்று சொல்லாவிட்டால் பிரைமரியில் வைத்துவிடுகிறது, அதாவது மவுஸின் நடுப் பொத்தானால் ஒட்டுகிற இடத்தில். கிளிப்போர்டு என்று குறித்தும் படம் வரவில்லை. ‘இமேஜ்/பிஎன்ஜி’ என்று வகையையும் சேர்த்துச் சொன்ன பிறகே வந்தது.

மார்ச் 4

படம் ஒட்டுகிறது, ஆனால் ஸ்கிரிப்ட் முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு மணி நேரம் போய்விட்டது.

காரணம் பிடிபட்டதும் எனக்குள் ஒரு பெரிய குழப்பமே தீர்ந்தது. லினக்ஸில் திரைச் சாளரங்களைக் கவனிக்கும் எக்ஸ் 11-இல் கிளிப்போர்டு என்று தனியாக ஒரு பெட்டி கிடையாது. எக்ஸ்கிளிப் ‘என்னிடம் இருக்கிறது’ என்று அறிவித்துவிட்டுப் பின்னணியில் காத்திருக்கிறது. ஒட்டுகிற செயலி வந்து கேட்கும்போதுதான் படம் கைமாறுகிறது. சோதிக்க, எக்ஸ்கிளிப்பை ‘கில்’ கட்டளையால் நிறுத்திவிட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை!

அப்படிக் காத்திருக்கும் எக்ஸ்கிளிப், என் பைத்தான் திறந்துவைத்த வெளியீட்டுக் குழாயையும் (பைப், ஒரு நிரலின் வெளியீடு இன்னொன்றுக்குப் போகும் வழி) பிடித்துக்கொண்டிருந்தது. குழாய் மூடட்டும் என்று பைத்தான் காத்திருந்தது. வெளியீட்டை ‘டெவ்நல்’லுக்கு, அதாவது வருவதையெல்லாம் தூக்கியெறியும் இடத்துக்கு, திருப்பினேன், உடனே முடிந்தது.

மார்ச் 6

ஒரு படம் மட்டும் ஒட்ட மறுத்தது. பெயரில் பிஎன்ஜி, உள்ளே ஜேபெக் என்ற வேறு பட வகை. யாரோ பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸ்கிளிப் உள்ளே திறந்து பார்ப்பதில்லை, நாம் சொன்ன வகையையே திருப்பிச் சொல்கிறது. ஆகவே படநகல் இனி கோப்பின் தொடக்கத்தைப் படிக்கும். பிஎன்ஜி என்றால் முதல் 8 பைட் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. ஜேபெக் என்றால் 255, 216, 255. வரிமுடிவைக் குறிக்கும் அந்த 13, 10, 10 எல்லாம் வீணுக்கு இல்லை: வழியில் ஏதாவது மென்பொருள் வரிமுடிவுகளை மாற்றிக் கோப்பைக் கெடுத்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்!

எக்ஸ் 11-க்குப் பதிலாக வந்த வேலண்டில், எக்ஸ்கிளிப்பின் வேலையைச் செய்யும் டபிள்யூஎல்-காப்பி வகையைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

மார்ச் 7

மேக். அங்குள்ள காப்பி கட்டளையான பிபிகாப்பி எழுத்துக்கு மட்டும்தான். மேக்கின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியான ஆப்பிள்ஸ்கிரிப்ட் வழியாகக் கோப்பை ‘பிஎன்ஜிஎஃப்’ (பிஎன்ஜிக்கு அதன் பெயர்) வகையாகப் படித்துக் கிளிப்போர்டில் வைக்கச் சொன்னேன். கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தேன், வேலை செய்தது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீடு. விண்டோஸின் ‘கிளிப்’ கட்டளைக்கும் படம் தெரியாது. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில், படத்தைக் கிளிப்போர்டில் வைக்கும் ‘செட்இமேஜ்’ போட்டதும் ஒட்டியது.

“அக்கா, லோகோவுக்குப் பின்னாடி கட்டம் வருது பாரு” என்றாள். உண்மைதான். படம் கிளிப்போர்டில் பிட்மேப் என்ற வகையாக மாறும்போது ஒளி ஊடுருவும் பின்னணி போய்விடுகிறது. பிஎன்ஜி பைட்டுகளை மாற்றாமல் ‘பிஎன்ஜி’ என்ற பெயரிலும் சேர்த்து வைத்தேன். அதைப் படிக்கத் தெரிந்த செயலிகளில் பின்னணி சரியாக வருகிறது. இப்படிக் கிளிப்போர்டில் வைக்கும் ‘செட்டேட்டாஆப்ஜெக்ட்’ கட்டளையின் இரண்டாவது மதிப்பை ‘ட்ரூ’ என்று கொடுத்தால் பவர்ஷெல்லை மூடிய பிறகும் படம் தங்குகிறது. லினக்ஸில் பட்ட பாட்டுக்கு இது பெரிய ஆறுதல். பயன்படுத்திய படக் கோப்பை ‘டிஸ்போஸ்’ செய்ய (விடுவிக்க) மறக்கக் கூடாது. இல்லையென்றால் அழிக்க விடாமல் பூட்டியே கிடக்கிறது.

மார்ச் 10

சர்வரில் உள்ள வரைபடம் ஒன்று தேவைப்பட்டது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் எக்ஸ்கிளிப்பை ஓட்டினால் ‘டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. கிளிப்போர்டு இருப்பது என் மேசையில், அங்கே இல்லையே. அங்கே கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே வெளியிடும் ‘கேட்’ மட்டும் ஓட்டி, வருவதை இங்குள்ள படநகலுக்குப் பைப் வழியாக ஊட்டினேன். வரைபடம் கையேட்டின் 14-ஆம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.