மூன்று சுற்றும் ஒரு லாம்பும்

மார்கழி பிறந்தால் எங்கள் காலைநடை, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மோலுக்குள் போய்விடும். வெளியே குளிர் மைனஸ் பதினைந்தில் நிற்க, எழுபதைத் தொட்ட மூன்று கிழடுகள் பனியில் சறுக்கி விழுந்தால் பிள்ளைகளுக்குத்தான் லீவு போட வேண்டிவரும். கடைகள் திறக்க முன்னமே, நடக்க வாறவர்களுக்கென்று கதவைத் திறந்து விடுவார்கள். கீழ்த்தளத்தில் மூன்று சுற்று, பிறகு கோப்பி. நான், நெட்டையன், தும்பளையான், மூவரும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஆனால் ஒருவனுக்கு ஞாபகம் இருப்பது மற்றவனுக்கு ஞாபகம் இல்லை என்பதை இந்த நடையில்தான் கண்டுபிடித்தோம்.

கல்லூரி 1838 இல் தொடங்கியது, 1916 இல் ஹாட்லி என்று பெயர் பெற்றது. இவற்றில் எங்களுக்குள் சண்டை இல்லை. பருத்தித்துறை வெளிச்சவீடு கட்டியதும் அதே 1916 தான் என்று நெட்டையன் சொன்னபோதுகூட ஒத்துக்கொண்டோம். சண்டை எல்லாம் சின்ன விஷயங்களில்தான். உதாரணம், எலியேசரின் வாங்கு. கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் படித்த கணித மேதை கிறிஸ்ரி எலியேசர் எங்கள் கல்லூரிப் பிள்ளை. "அவர் இருந்த வாங்கு இதுதான்" என்று கணக்கு வாத்தியார் காட்டியது ஜன்னல் ஓரத்து வாங்கு என்கிறேன் நான். பௌதிக வாத்தியார் காட்டியது பின்வாங்கு என்கிறான் தும்பளையான். நெட்டையன் இருந்த வாங்கையும் யாரோ காட்டினார்களாம். அதை நாங்கள் இருவரும் நம்பவில்லை.

இந்த மார்கழியில் வந்த சண்டை பாண் வரிசை பற்றியது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1973, 74 இல் கோதுமை மா தட்டுப்பாடு. விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, புலோலியிலிருந்து பேக்கரி வாசலுக்கு நடை. பிந்திப் போனால் பாண் முடிந்துவிடும், அன்று மரவள்ளிக்கிழங்குதான். வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி இல்லாதபடியால் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. ஆனால் அந்தக் காசுக்கும் பாண் கிடைக்காது! பாணை வீட்டில் போட்டுவிட்டு ரியூசன், ரியூசன் விட்டுப் பள்ளிக்கூடம். வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாத நாட்களில் ஓடக்கரைத் தோசைதான் காப்பாற்றியது. சுளகில் அடுக்கி, வாழையிலையால் மூடி வைத்திருப்பார்கள். அந்தச் சம்பலுக்கு ஈடாக ஸ்காபரோவில் இன்னும் ஒரு கடையும் வரவில்லை. எத்தனையோ தமிழ்க் கடை வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை.

அந்தப் பாண் வரிசையிலும் நாங்கள் படித்தோம். படிக்காமல் முடியாது. 1971 இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவனுக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களத்தில் எழுதியவனுக்கு 227. அந்த இரண்டு எண்களும் எங்கள் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி. ஆகவே கையில் இரசாயனக் கொப்பி, முன்னால் நிற்கும் ஆச்சியின் முதுகுதான் மேசை.

"எந்த வெளிச்சத்தில படிச்சனாங்கள்?" என்று தும்பளையான் கேட்டதில்தான் வினை தொடங்கியது.

"ரோட்டு லைற்" என்றான் நெட்டையன்.

"விசர்க்கதை கதையாதை. பேக்கரிக்காரன்ர பெற்றோமக்ஸ்."

என் நினைவில் வெளிச்சமே இல்லை. இருட்டில் நின்று மனப்பாடத்தை ஒப்புவித்தோம், கடல் இரைகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இரண்டு சுற்று முழுக்க இதே கதை. காவலாளி ஒருமுறை கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பழைய கல்லூரிச் சஞ்சிகை ஏதாவது இருந்தால் இதையெல்லாம் தேடலாமே என்று ஒருவர் கேட்டார். நாங்கள் அட்டவணை எழுதி ஒழுங்குபடுத்திய நூலகம் 1984 இல் எரிந்துபோனது. ஆய்வுகூடமும்தான். பாண் வரிசையில் எந்த விளக்கு எரிந்தது என்று எந்தச் சஞ்சிகையில் போட்டிருப்பார்கள் என்பது வேறு கதை.

கடைசியில் மெல்பேணில் இருக்கும் நாலாவது கூட்டாளிக்குப் போன் எடுத்தோம். அங்கே பின்னேரத்துக்குப் பதில் நடுச்சாமம். நேரக் கணக்கையும் பிழைவிட்டிருக்கிறோம், கணக்குக்குப் பேர்போன கல்லூரிப் பிள்ளைகள். அவன் நித்திரைக் குரலில் முழுவதையும் கேட்டான்.

"ரோட்டு லைற்றும் இல்லை, பெற்றோமக்சும் இல்லை. எங்கட வீட்டு அரிக்கன் லாம்பு. ஐசே, நெட்டையன் தட்டி அதின்ர சிமினி உடைஞ்சு, அப்புவிட்டை அடி வாங்கினது நான். ஐம்பது வருசமாச்சு, ஒருத்தனும் சிமினிக் காசு தரேல்லை."

போனை வைத்துவிட்டான்.

அடுத்த நாள் நெட்டையன் ஒரு சுற்று முழுக்க வாய் திறக்கவில்லை. இரண்டாம் சுற்றில், பூட்டிய சப்பாத்துக் கடைக்கு முன்னால் சட்டென்று நின்றான்.

"ஐசே, அந்த லாம்பை அவன் கொண்டுவந்தது பாண் வரிசைக்கில்லை, ரியூசனுக்கு."