டைமிங் செயின் டென்ஷனரும் ஒரு துண்டுத் தகரமும்

மோட்டார் சைக்கிள் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் சிலிண்டரின் இடப்பக்கம் கரகரவென்று சத்தம். கொஞ்சம் முறுக்கினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். வால்வைத் தட்டும் டெப்பெட் லூசு என்றால் சீராக டிக் டிக் என்று கேட்கும். இது கிராங்கிலிருந்து, வால்வைத் திறக்கும் கேமைச் சுற்றுற டைமிங் செயின்தான். மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலத்தால் தினமும் படுவான்கரைக்கு ஓடுற வண்டி. வயல் ரோட்டில் செயின் பல்லுத் தாவினால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். அதுதான் சும்மா விடவில்லை.

செயினைத் தானாக இறுக்கும் டென்ஷனரை எறிந்துபோட்டு போல்ட் ஒன்றால் முறுக்கி வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சத்தம் நிற்கும், ஆனால் செயின் உரசி ஓடும் கைடு தேய்ந்து தூள் ஒயிலுக்குள் போகும்.

முதலில் மக்னட் கவரின் மூடிகளைக் கழற்றி, கிராங்கை இடஞ்சுழியாகச் சுற்றி பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டீ' குறியை நேருக்குக் கொண்டுவந்தேன். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்து, வால்வை அமுக்கும் ரெண்டு ரொக்கரும் லூசாக ஆடவேணும். இல்லாவிட்டால் டென்ஷனரை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிவிடும். டென்ஷனர் வெளியே இருக்கும்வரை கிராங்கைத் தொடவே கூடாது.

டென்ஷனரின் பின் ஸ்குறூவைக் கழற்றி, சின்னத் தட்டை ட்ரைவரை விட்டு வலஞ்சுழியாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு பின்னுக்கு வரும். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ரெண்டு போல்ட்டையும் கழற்றி எடுத்தேன். உள்ளே பழைய ஒயில் பிசினாகி தண்டு இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி ஒயில் விட்டதும் சுறுக்கென்று ஓடியது.

டோர்ச் பிடித்த மருமகன் கேட்டான்: "மாமா, இப்படியே வச்சுப் பூட்டினா என்ன?"

அங்கேதான் கனபேருடைய டென்ஷனரில் போல்ட் பூட்டும் காது உடைகிறது. ஸ்பிரிங் தண்டை முழுசாக வெளியே தள்ளி வைத்திருக்கும். அப்படியே போல்ட்டை முறுக்கினால் செயினையும் நெரிக்கும், அலுமினியத்தையும் பிளக்கும். தண்டை முழுசாக உள்ளே இழுத்து, திரும்பாமல் பிடிக்க ஒரு மில்லிமீற்றர் தகரத்தில் வெட்டின துண்டைச் செருகி, புதுப் பெக்கிங்கோடு பூட்டினேன். தகரத்தை உருவியதும் தண்டு தானாகப் போய் செயினை இறுக்கியது. ஸ்டார்ட் பண்ண முதல் கிராங்கைக் கையால் ரெண்டு சுற்று சுற்றிக் குறி பார்த்தேன்.

சத்தம் இல்லை. முதலில் எண்ணிய சுற்று, தண்டின் முழு ஓட்டத்தில் பாதிதான். அது முழுசை நெருங்கியிருந்தால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது ரீசெட் பண்ணிப் பயனில்லை, செயினும் கைடும் சேர்த்துத்தான் மாற்றவேணும்.