ராத்திரி ரத்தம்

மனிதனுக்கு இயற்கை எதிரி கிடையாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று அம்புக்குறி போட்ட உணவுச் சங்கிலிப் படம் ஒன்று இருக்கும். மனிதன் அதில் எங்கேயும் இருக்க மாட்டான், படத்தை வரைகிறவனாக வெளியே நின்றுகொள்வான். யானைக்கால் நோய்த் தடுப்பு வேலைக்கு வந்து, கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் ராத்திரி ரத்தம் எடுக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அந்தப் படம் அவ்வளவு சரியாகப் படவில்லை.

ராத்திரி ரத்தம் என்றால் என்ன என்று இப்போதெல்லாம் இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கே விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் காவிரிக் கரை ஊர்களில் வீங்கிய காலோடு கடைத்தெருவில் போகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணம். அந்தக் காலுக்குக் காரணமான புழுவை ரத்தத்தில் தேடுவதுதான் எங்கள் வேலை. ஒன்பது மணிக்கு மேல் கிளம்புவோம். டார்ச், டப்பா நிறைய ஸ்லைடு, லான்செட், பஞ்சு, ஸ்பிரிட், பெயர் எழுத ஒரு நோட்டு. விரல் நுனியில் ஒரு குத்து, வருகிற ரத்தத்தை ஸ்லைடில் தடித்த பூச்சாக இழுத்து, நம்பர் போட்டுக் காயவைக்க வேண்டும். காய்கிற நேரத்தில் கண்ணை எடுத்தால் எறும்பு வந்து ரத்தத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். மறுநாள் பார்த்தால் நம்பர் மட்டும் இருக்கும். மனிதனை யாரும் தின்பதில்லை என்று சொல்கிறவர்கள் அந்த எறும்பு வரிசையை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

ஒரு சந்தில் திண்ணையில் படுத்திருந்த பாட்டியை எழுப்பியபோது, விரலை நீட்டாமலேயே கேட்டார்: "ஏந்தம்பி, பகல்ல வந்து குத்துனா ரத்தம் வராதா?"

"வரும் ஆயா, புழு வராது."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கும் டூட்டி நேரம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. தாய்ப்புழு நிணநீர்க் குழாய்க்குள் வருடக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிகள் பகல் முழுக்க நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, ராத்திரி ஆனதும் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன, ஏனென்றால் அவற்றைச் சுமந்து போகிற கியூலெக்ஸ் கொசு ராத்திரிதான் கடிக்கும். பசிபிக் தீவுகள் சிலவற்றில் இதே புழுவைப் பகலில் கடிக்கிற கொசு பரப்புகிறது. அங்கே புழுவும் பகலில் அதிகமாக வெளியே வருகிறது. 1881ல் லண்டனில் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து ராத்திரி விழிக்கவைத்துப் பார்த்தார். சில நாளில் புழுவின் நேரமும் தலைகீழாக மாறிவிட்டது. அப்படியென்றால் அது வெளியே இருட்டிவிட்டதா என்று பார்ப்பதில்லை, நாம் தூங்கிவிட்டோமா என்றுதான் பார்க்கிறது. ஈர ரத்தச் சொட்டில் உயிரோடு இருக்கும் புழுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அது கண்ணாடித் துணுக்கு மாதிரி நிறமில்லாமல் நெளிந்து நெளிந்து சிவப்பணுக்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போகும். முதலில் நம் கண்ணுக்குத் தெரிவது புழுவே இல்லை, அணுக்கள் நகர்வதுதான்.

இதெல்லாம் ஒட்டுண்ணி, வேட்டை விலங்கு வேறு என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரி. வேட்டை விலங்கு கொன்று தின்னும், ஒட்டுண்ணிக்கு நாம் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு. நம் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிற மிருகம் இன்று எதுவும் இல்லை, அந்த அர்த்தத்தில் பள்ளிக்கூடப் படம் சரிதான். ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் டாங் என்ற இடத்தில் 1924ல் கிடைத்த குழந்தை மண்டையோடு நம் மூதாதை வகையைச் சேர்ந்தது, இருபது லட்சம் வருடத்துக்கும் முந்தியது. அதன் கண்குழியில் உள்ள கீறல்களை வைத்து அந்தக் குழந்தையைக் கழுகு தூக்கிப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அதே நாட்டில் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த இன்னொரு மண்டையோட்டில் இரண்டு ஓட்டை, சிறுத்தையின் கோரைப்பல் இடைவெளிக்கு அப்படியே பொருந்துகிறது.

பக்கத்தில் வந்தால், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலையில் சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு, 1907ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டார். பழைய துப்பாக்கிக் காயத்தில் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. புலியின் பல்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், செத்தவர்கள் யார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. விறகு பொறுக்க, புல் அறுக்கக் காட்டுக்குள் போனவர்கள், முக்கால்வாசி பெண்கள். பிலிப்பைன்ஸில் ஆக்தா என்ற வேட்டைச் சமூகத்தில் ஆண்களைக் கேட்டபோது நாலில் ஒருவரை மலைப்பாம்பு ஒருமுறையாவது தாக்கியிருந்தது. அதே நாட்டில் மணிலாவில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் சிரிப்பார்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: மனிதனுக்கு எதிரி உண்டா என்று பொதுவாகக் கேட்பதே தப்பு, எந்த மனிதனுக்கு என்று கேட்க வேண்டும். கொள்ளிடத்தில் முதலை இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் குளிக்க, மாடு கழுவ, மீன் பிடிக்க இறங்கியவரை முதலை கடித்தது, இழுத்துப் போனது என்று சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அவ்வப்போது செய்தி வரும். வீட்டுக்குள் குழாயும் பாத்ரூமும் இருக்கிறவருக்கு அந்த முதலை இல்லை. ஒரே ஊர், ஒரே ஆறு, ஒருவர் உணவுச் சங்கிலிக்கு உள்ளே, இன்னொருவர் வெளியே. விஷப்பாம்பு நம்மைத் தின்ன வருவதில்லை, பயத்தில்தான் கடிக்கிறது, அதனால் அதை எதிரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனாலும் அதுவும் இதே கதைதான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கிராமம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கட்டிலும் கொசுவலையும் வாங்கினால் ஆபத்து குறைந்துவிடும், வாங்க முடிந்தால்.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறைக்குச் சிறுத்தை வந்தது நினைவிருக்கும். செம்மங்குளம் பக்கம் சிசிடிவியில் தெரிந்தது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு, கூண்டு, கேமரா, வனத்துறை ஜீப். அப்புறம் குத்தாலம் பக்கம் என்றார்கள், அதற்கப்புறம் அரியலூர் மாவட்டம் செந்துறையில் பார்த்ததாகச் செய்தி. மலையும் காடும் இல்லாத நம் வயல்காட்டில் சிறுத்தை என்றதும் இருட்டினால் தெருவில் ஆளில்லை, அதில் தப்பும் இல்லை. எங்களோடு வேலை பார்க்கும் கள உதவியாளர் ஒருவர், "கொசுவலை மாதிரி சிறுத்தைவலை ஏதாவது கவர்மெண்ட்ல குடுப்பாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சில நாள் மட்டும் டாக்டர் வீடு, கூலியாள் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே எதிரி. அதனால்தான் அவ்வளவு கூண்டு, அவ்வளவு கேமரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ராத்திரி ரத்தத்துக்கு யார் விரல் நீட்டுவார்கள் என்பதும் இப்படித்தான். திண்ணையில், வாசலில், சாக்கடை ஓரத்தில் படுக்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நீட்டிவிடுவார்கள். கேட் போட்ட வீட்டில் மணி அடித்தால் நாய் குரைக்கும், மாடி விளக்கு எரிந்து அணையும். இந்தத் துறையின் ஆரம்பமே இப்படித்தான் போலிருக்கிறது: 1877ல் சீனாவின் அமோய் ஊரில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டுபிடித்தபோது, கொசுவுக்கு ரத்தம் கொடுக்கப் படுக்கவைக்கப்பட்டவர் ஏற்கெனவே புழு இருந்த அவருடைய தோட்டக்காரர்.

இப்போது யானைக்கால் தமிழ்நாட்டில் வெகுவாக அடங்கிவிட்டது, குட்டிப் புழுக்களைக் கொல்கிற டி.இ.சி. மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் புதிதாகப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. பழைய கால்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். எங்களுக்குப் புது வேலை டெங்கு. அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், சாக்கடைத் தண்ணீர் அதற்குப் பிடிக்காது, நல்ல தண்ணீர் வேண்டும்: மூடாத சின்டெக்ஸ், பூந்தொட்டித் தட்டு, ஏசித் தண்ணீர் சொட்டுகிற வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் யாரும் பார்க்காத அந்தத் தட்டு. எல்லாம் கேட் போட்ட வீட்டுச் சாமான்கள். அன்றைக்கு மாடி விளக்கை அணைத்தவர்களே இப்போது போன் போட்டு, "எப்ப சார் எங்க தெருவுக்குப் புகை அடிக்க வருவீங்க?" என்று கேட்கிறார்கள். தெருவில் அடிக்கிற புகை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற கொசுவை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. அதைச் சொன்னால் கோபம் வருகிறது. வருகிறோம் சார், வந்தால் கேட்டைத் திறங்கள், முதலில் ஃப்ரிட்ஜை இழுத்துப் பார்க்கணும் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.