முத்திரை ஒட்டிய கொப்பித் தாள்

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராகச் சேர்ந்த புதிதில், மரணசாதனம், அதாவது உயில் எல்லாம் காசுக்காரருடைய விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது வட்டக்கச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா.

பொலித்தீன் உறைக்குள் ஒரு கொப்பித் தாள் கொண்டுவந்திருந்தார். "வீட்டுக்காணி சின்னவளுக்கு, அவள்தான் எங்களைப் பார்த்தவள்" என்று கணவர் நீல மையில் எழுதி, முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வைத்திருந்தார். கீழே அயலவர் இரண்டு பேரின் கையெழுத்து. எவ்வளவு கவனமாக எழுதிய மனுசன்! ஆனால் பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசு இல்லாமல் எழுதும் மரணசாதனத்துக்கு ஐந்து சாட்சிகள் வேண்டும், ஐவரும் ஒரே நேரத்தில் கூட இருக்கவும் வேண்டும், 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டினால் பத்திரம் பலமாகிவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். ஆகாது.

சரி, ஐந்து பேர் ஒப்பமிட்டிருந்தால் போதுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை, ஏனென்றால் அது பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைச் சொந்தக் காணிபோல நினைத்தபடி எழுதிவிட முடியாது. வழமையாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறித்து, உயிரோடு இருக்கும்போதே அதைப் பதிவிக்க வேண்டும். 2009 இல் அந்தப் பெர்மிட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்ட குடும்பம் அது. அதில் பின்னுரித்தாளர் என்று ஒரு பெயரும் இல்லை. அம்மா தன் சீவிய காலம்வரை அங்கே இருக்கலாம், பிறருக்கு எழுதிக் கொடுக்க ஏலாது. பிறகு மூத்த பிள்ளைக்குத்தான் போகும். 2022 திருத்தத்துக்கு முன் ஆண்பிள்ளைக்கு முதலிடம், இப்போது ஆண் பெண் பார்ப்பதில்லை, ஆனாலும் மூத்தவர் மூத்தவர்தான். இங்கே மூத்தவன் வவுனியாவில் தனி வீட்டோடு இருக்கிறான்.

சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி என்றாலும், வடக்குத் தமிழருடைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடியதேட்டத்தில் பாதி கணவன் மனைவியில் மற்றவருடையது, முழுவதையும் ஒருவரே எழுதிவிட முடியாது. இப்போது யார் வந்தாலும் இருக்கச் சொல்வதற்கு முன்பே "உறுதியோ, பெர்மிட்டோ?" என்று கேட்டுவிடுகிறேன்.

"அப்ப இவர் எழுதினது ஒண்டுமில்லையோ தம்பி?" என்றார் அம்மா. தாளை மடிப்புக் குலையாமல் உறைக்குள் வைத்தார். சின்ன மகள் வெளியே வெயிலில் ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு என்ன சொல்வது என்று அம்மா என்னைத்தான் கேட்டார்.