வாலிபர் கூட்டத்தில் ஒரு சொல் விளையாட்டு

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் சபை. ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்தில் இரண்டு அணி பிரித்து, சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு நடத்துகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் எழுதினால் அட்டை தயார். மேலே கண்டுபிடிக்க வேண்டிய சொல், கீழே குறிப்பில் வரக் கூடாத நான்கு சொற்கள். ஒரு நிமிடம்தான்.

'நோவா' வந்தது. பேழை, மழை, வெள்ளம், புறா சொல்லக் கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சட்டென்று, "கொள்ளிடம் கரை உடைஞ்சா எங்கப்பா முதல்ல மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவாருல்ல, அதை உலகத்துக்கே செஞ்சவரு!" என்றாள். அணி மொத்தமும் கத்தியது. எவ்வளவு அழகான குறிப்பு!

டென்மார்க் அரசர் அனுப்பி தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி 'சீகன்பால்கு' கஷ்டம். தரங்கம்பாடி, 1706, அச்சு, டென்மார்க் நான்கும் தடை. "1718-இல் கட்டின புதிய எருசலேம் ஆலயத்துலயே அடக்கமானவரு" என்றான் ஒரு தம்பி. அப்புறம் பதில் வராமல் இருக்குமா?

நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறிப்பு சொல்லும் முறை வரிசையாக எல்லோருக்கும் வரட்டும். இல்லையென்றால் வாய் உள்ள பிள்ளைகளே பேசிவிடுவார்கள். கடைசி பெஞ்சில் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை நடத்துகிறேன்.

அடுத்த வாரம் பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்திலிருந்து சொற்கள். எறும்புக்கு அட்டை எழுதியாயிற்று.