ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போங்கள்!

என்னுடையது வெள்ளை ஸ்கூட்டர். ஹெல்மெட் அணியவில்லை என்று என் பெயருக்கு வந்த செலான் படத்தில் இருந்ததோ கறுப்பு பைக். அதன் நம்பரில் இருந்த 3-ஐ யாரோ 8 என்று படித்திருக்கிறார்கள். அபராதம் 1000 ரூபாய். 2022 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் இதற்கு நூறு ரூபாய்தான்.

செலான் வழக்குகளை ஆன்லைனில் கையாளும் விர்ச்சுவல் கோர்ட் இணையதளத்தில், அபராதம் கட்டாமல் வழக்கை நடத்த விரும்புவதாகப் பதிவு செய்தேன். வழக்கு நேரடி நீதிமன்றத்துக்கு மாறியது. அலைச்சல் அங்கேதான் தொடங்கியது.

"சம்மன் எங்கே?" என்றார் கிளார்க். போனில் வந்த தகவலைக் காட்டினேன். அது செல்லாது என்று இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்கள் இவரிடமே திருப்பி அனுப்பினார்கள். "ஆயிரம் ரூபாய்தானே சார், கட்டிவிட்டுப் போங்கள்!" வக்கீல் கட்டணம் விசாரித்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நானே ஆஜரானேன்.

டவாலி பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் நின்ற ஆட்டோ ஓட்டுநரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று அதில் முன்பே அச்சடித்திருந்தது, தொகையும் எழுதியாகிவிட்டது. என்ன குற்றம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 274-ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டின் விவரத்தைச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், கூடியவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிய வேண்டும் என்கிறது 275. அச்சடித்த தாளில் யாருடைய வார்த்தை இருக்கிறது?

என் முறை வந்ததும் மாஜிஸ்திரேட்டிடம், "மறுக்கிறேன் அம்மா. படத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன். கிளார்க் முறைத்தார். வழக்குக் கட்டில் படமே இல்லை. வாய்தா!

அடுத்த முறை படம் வந்தது, கறுப்பு வெள்ளை நகலாக. நம்பர் இருந்த இடத்தில் மைத்திட்டு. நல்ல வேளையாக இணையதளத்தில் இருந்த படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி. நகலோடும் ஸ்கூட்டர் படத்தோடும் கொண்டுபோயிருந்தேன். நீங்களும் இதை மறக்காதீர்கள். மாஜிஸ்திரேட் அதை வாங்கிப் பார்த்துவிட்டு போலீஸ் ஏட்டைக் கேட்டார்: "இது ஸ்கூட்டரா?"

"பைக்தான், அம்மா."

குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லையென்றால் காரணத்தை எழுதி விடுவிக்க வேண்டும் என்று அதே 274-இல் புதிதாக ஒரு வரி இருக்கிறது. அதன்படி விடுவித்தார். ஐந்து நிமிட வேலை. முதல் நாளே படம் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும்: உத்தரவு வந்த அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள். வழக்கு முடிந்த பிறகும் இணையதளம் என் வண்டிக்கு அபராதம் பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது. சான்றிட்ட நகலை நீட்டிய பிறகுதான் அதை நீக்கினார்கள்.