திங்கள் மதியம் சிங்கப்பூர், அதே திங்கள் மாலை நியூயார்க்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் விமானம் கிளம்பியது ஓர் அக்டோபர் திங்கட்கிழமை மதியம் 12.30 மணிக்கு. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கியது அதே திங்கட்கிழமை மாலை 7 மணி வாக்கில். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்குச் செவ்வாய் விடிந்து காலை 7 மணி. "கெளம்பின அன்னைக்கே போய்ச் சேர்ந்துட்டேங்கிற. அப்ப நான் எதுக்கு ராத்திரி பூரா தூங்காம கெடந்தேன்?" என்றார்.

பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த என் முதுகுக்கும் அதே சந்தேகம்தான். அந்த மாதத்தில் இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

தூரத்தைக் கிளம்பும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178, அரைச் சுற்றான 180-க்கு இரண்டே குறைவு. அதாவது பூமி உருண்டையில் இரண்டும் கிட்டத்தட்ட முதுகோடு முதுகு. அப்படியானால் குறுக்கு வழி நேரே வட துருவத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300 சொச்சம். புத்தகக் கணக்கும் அதுதான்.

ஆனால் விமானம் துருவத்துப் பக்கமே போகவில்லை! திரையில் பிலிப்பைன்ஸ், அப்புறம் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. காரணம் காற்று. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. வழக்கமாக 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம், பசிபிக் மேல் 1,080 காட்டியது. சுற்றிப் போனால்தான் சீக்கிரம் போகலாம் என்று ஆட்டோக்காரர் சொன்னால் நம்ப மாட்டோம்.

கிழக்கே ஓடியதால் சூரியன் சீக்கிரமே விழுந்தது. ஒரு குட்டி இரவு. பிறகு விடிந்து, இறங்கும் சமயம் மறுபடி அஸ்தமனம். ஒரே தேதியில் இரண்டு!

நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கு நேர்விமானம் 2004-இலேயே வந்துவிட்டது. நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 எரிபொருளைக் குடித்த குடியில் 2013-இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350-900-இன் நெடுந்தூர வகை வந்தபின் திரும்பத் தொடங்கினார்கள். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இருக்கைகளோ 161 மட்டும். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அம்மாவும் இதைப் படிப்பார்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். வியாழன் இரவு ஏறி, சனி விடியலில் சாங்கி. இறங்குவதற்குச் சற்று முன் சாப்பாடு வந்தது. சிங்கப்பூரில் சனிக்கிழமை பிறந்துவிட்டதே என்று தைரியமாகக் கோழிக்கறி வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் மடக்கினார். "அமெரிக்காவுல அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம்தானே? நீ ஏறினது அங்கதானே?"